போர்க்காலத்தில் அதிபரின் செய்தியாளர் சந்திப்பு: 2004 ஏப்ரல் 13 அன்று மக்கள் எதைக் கண்டு எதிர்வினை காட்டினார்கள்?

கேள்வி: வைகறை

அனைவருக்கும் வணக்கம். ஈராக் போரின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிப் படித்துவருகிறேன். அதன் பகுதியாக, 2004 ஏப்ரல் 13 இரவு அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வெள்ளை மாளிகையின் கிழக்கறையில் நடத்திய செய்தியாளர் சந்திப்பின் ஒளிப்பதிவை முழுவதுமாகப் பார்த்தேன். எழுத்து வடிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். அவர் பதவியேற்றதிலிருந்து, மக்கள் அதிகமாகத் தொலைக்காட்சி பார்க்கும் இரவு நேரத்தில் தனியாக நின்று செய்தியாளர்களைச் சந்தித்தது அப்போது மூன்றாவது முறைதான். அந்த இரவின் நேரமும் சாதாரணமானதல்ல. மார்ச் 31 அன்று ஈராக்கின் ஃபலூஜா நகரில் நான்கு அமெரிக்க ஒப்பந்தக் காவலர்கள் கொல்லப்பட்டு, அவர்களில் இருவரின் உடல்கள் பாலத்தில் தொங்கவிடப்பட்டிருந்தன. ஷியா மதத் தலைவர் முக்ததா அல்-சதரின் படையினர் தெற்கு நகரங்களில் கிளர்ந்தெழுந்திருந்தனர். செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையத்தின் முன் அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ் சாட்சியம் அளித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இந்தச் சந்திப்பைப் பற்றி இன்று யார் எழுதினாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் நினைவுகூர்கிறார்கள். செப்டம்பர் 11க்குப் பிறகு நீங்கள் செய்த மிகப் பெரிய தவறு எது, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று டைம் இதழின் ஜான் டிக்கர்சன் கேட்டார். அதிபர் திணறினார், இந்தக் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் தயாராகி வந்திருப்பேன் என்றார், பிறகும் ஒரு தவறையும் அவரால் குறிப்பிட முடியவில்லை. அவரை எதிர்த்தவர்கள் இதை ஆணவம் என்றார்கள். ஆதரித்தவர்களோ, ஒரு மனிதரை மடக்குவதற்காகவே கேட்கப்பட்ட கேள்வி என்றார்கள். ஒரு மணி நேரச் சந்திப்பில் மக்கள் எதிர்வினை காட்ட வேறொன்றுமே இருக்கவில்லையா? அந்த எதிர்வினை போரைப் பற்றியதா, மனிதரைப் பற்றியதா? இத்தகைய மக்கள் எதிர்வினைகளை வரலாறு படிப்பவர்கள் எப்படி எடைபோட வேண்டும் என்பதை அறிய விரும்புகிறேன்.

பதில்: ஏட்டுச்சுவடி

வணக்கம் வைகறை. நீங்கள் எழுத்து வடிவத்தையும் சேர்த்துப் படித்தது மிகவும் நல்லது. ஏனெனில் இந்தச் சந்திப்பைப் பொறுத்தவரை கண்ணால் பார்ப்பதும் எழுத்தில் படிப்பதும் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகளைப் போன்ற உணர்வைத் தருகின்றன. பார்த்தவர்களின் மனத்தில் அந்தத் திணறல்தான் பதிந்தது என்பதில் வியப்பில்லை. அதிபர் தலையைக் குனிகிறார், பெருமூச்சு விடுகிறார், உதட்டைச் சுழிக்கிறார், மேடைக்கு எதிரே அமர்ந்திருப்பவர்களை நோக்கிப் பாதிப் புன்னகை ஒன்றைச் செலுத்துகிறார், மறுபடியும் குனிகிறார். நேரலையில் சில விநாடி மௌனம் மிக நீண்டதாகத் தோன்றும். மறுநாள் செய்தி அறிக்கைகள் அந்தச் சில விநாடிகளையே திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. சந்திப்பை முழுவதும் பார்க்காதவர்களுக்கு அந்தத் துண்டுதான் சந்திப்பாகவே ஆகிவிட்டது.

ஆனால் அந்த இரவின் மிகப் பெரிய செய்தி அதுவல்ல என்பது என் உறுதியான கருத்து. ஜூன் 30 அன்று ஈராக்கின் ஆட்சி உரிமையை ஈராக்கியர்களிடம் ஒப்படைக்கப்போவதாக அமெரிக்கா அறிவித்திருந்தது. அந்த நாளுக்கு இன்னும் பதினொரு வாரங்களே இருந்தன. ஆட்சியை யாரிடம் ஒப்படைக்கப்போகிறீர்கள் என்று ஒரு செய்தியாளர் நேரடியாகக் கேட்டார். அது விரைவில் தெரியவரும், திரு. பிராஹிமி அதற்காகத்தான் உழைத்துக்கொண்டிருக்கிறார் என்று அதிபர் பதிலளித்தார். லக்தார் பிராஹிமி ஐக்கிய நாடுகள் அவையின் தூதர். ஒரு லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் படைவீரர்கள் நிற்கும் ஒரு நாட்டின் ஆட்சியைக் குறித்த நாளில் ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டு, பெறப்போகும் கை யாருடையது என்ற கேள்விக்கு வேறொரு அமைப்பின் தூதரைச் சுட்டிக்காட்டிய அந்தப் பதிலைத்தான் நாடு முழுவதும் பேசியிருக்க வேண்டும். இதைச் சொன்னபோது அவர் திணறவில்லை, தலைகுனியவில்லை; சொல் தடங்கலில்லாமல் வந்தது. அதனாலேயே அது பலரின் காதில் விழாமல் போயிற்று.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். தவறு பற்றிய கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை என்று பரவலாக எழுதப்படுகிறது. அது உண்மையல்ல. திணறலுக்குப் பின் அவர் நீண்ட பதில் ஒன்றைச் சொன்னார். போருக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல்களைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்திருப்பது அன்றே தெரிந்திருந்தாலும் சதாம் ஹுசேனைக் கையாளுமாறு உலகத்தை அழைத்திருப்பேன் என்றார். அந்த ஆயுதங்கள் இன்னமும் அங்கே மறைந்திருக்கக்கூடும் என்றும் சேர்த்துக்கொண்டார். இதைச் சொல்வதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதங்களுக்கு முன்பு, அதாவது ஜனவரி 28 அன்று, ஆயுதங்களைத் தேடும் குழுவுக்குத் தலைமை வகித்து அண்மையில் விலகியிருந்த டேவிட் கே, செனட் குழுவின் முன் நாம் ஏறக்குறைய எல்லோருமே தவறாக நினைத்துவிட்டோம் என்று வெளிப்படையாகக் கூறியிருந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற சார்லஸ் டூல்ஃபர் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையும் அத்தகைய குவியல்கள் இருக்கவில்லை என்றே முடிவு கூறியது. ஆகவே மௌனத்துக்கு முன்பும் பின்பும் சொல்லப்பட்ட சொற்களில்தான் போரின் நியாயமே அடங்கியிருந்தது. மக்களின் எதிர்வினையோ மௌனத்தோடு நின்றுவிட்டது.

மன்னிப்புக் கேட்பது பற்றிய கேள்வியும் அப்படிப்பட்டதுதான். பயங்கரவாதத் தடுப்புப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் கிளார்க் மார்ச் 24 அன்று விசாரணை ஆணையத்தின் முன் அமர்ந்து, உங்கள் அரசு உங்களைக் கைவிட்டது, நானும் கைவிட்டேன் என்று உயிரிழந்தோரின் குடும்பங்களைப் பார்த்துச் சொல்லியிருந்தார். அதேபோன்ற மன்னிப்பை அமெரிக்க மக்கள் உங்களிடமிருந்தும் பெறத் தகுதியுடையவர்கள் அல்லவா என்று கேட்கப்பட்டபோது, தாக்குதலுக்குப் பொறுப்பானவர் ஒசாமா பின் லேடன் என்று அதிபர் பதில் கூறினார். அந்தக் குடும்பங்களில் ஒருவராக இருந்து இதைக் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்காது. ஆனால் இது அவர் யோசித்து எடுத்துக்கொண்ட நிலைப்பாடு, தடுமாற்றம் அல்ல. நிலைப்பாட்டோடு வாதிடுவது கடினம், தடுமாற்றத்தைச் சுட்டுவது எளிது. பொதுமக்களும் ஊடகங்களும் எளிதானதையே தேர்ந்தெடுத்தார்கள்.

பதில்: நெய்தல்

ஏட்டுச்சுவடி அவர்களின் பதிலில் உள்ள உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் அதன் அடிப்படையில் எனக்கு உடன்பாடில்லை. போர் நடக்கும்போது அதிபர் தொலைக்காட்சியில் பேசுவது ஓர் அறையில் அமர்ந்திருக்கும் செய்தியாளர்களிடம் மட்டும் அல்ல. களத்தில் நிற்கும் வீரரும் அதைக் கேட்கிறார், அவரது தாயும் கேட்கிறார், எதிர்த்துப் போரிடுபவரும் கேட்கிறார், கூட்டணி நாட்டின் பிரதமரும் கேட்கிறார். அன்றைய முதல் கேள்வியே ஈராக் இன்னொரு வியட்நாமாக மாறிவருகிறதா என்பதுதான். அந்த ஒப்பீடு தவறானது, அது நம் படையினருக்கும் எதிரிக்கும் தவறான செய்தியை அனுப்புகிறது என்று அவர் பதிலளித்தார். அந்தப் பதிலை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் ஒரே வாக்கியத்தை இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைவு அவருக்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அதிபர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் சற்று அசட்டையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1950 நவம்பர் 30 நல்ல சான்று. அது தொலைக்காட்சியில் வரவில்லை. ஆனாலும் பாடம் அதேதான். கொரியப் போரில் சீனப் படைகள் பெருமளவில் நுழைந்திருந்த நேரத்தில், அணுகுண்டைப் பயன்படுத்துவது எப்போதுமே தீவிரப் பரிசீலனையில் இருந்துவருகிறது என்று ஹாரி ட்ரூமன் ஒரு கேள்விக்குப் பதிலாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கே வெள்ளை மாளிகை விளக்க அறிக்கை வெளியிட நேர்ந்தது. சில நாட்களில் பிரிட்டிஷ் பிரதமர் கிளமென்ட் அட்லி கவலையோடு வாஷிங்டனுக்குப் பறந்துவந்தார். இதை மனத்தில் வைத்துப் பார்த்தால், போர் மூண்டிருக்கும் வாரத்தில் தன் தவறுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டச் சொல்லும் கேள்விக்கு ஓர் அதிபர் பிடிகொடுக்காமல் இருந்ததை வெறும் ஆணவம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஏப்ரலில் மட்டும் நூற்றுக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் ஈராக்கில் உயிரிழந்தார்கள். போர் தொடங்கியதிலிருந்து அதுவரை எந்த மாதத்திலும் அவ்வளவு பேர் இறந்திருக்கவில்லை. மகனையோ மகளையோ அங்கே அனுப்பிவிட்டு இரவு எட்டரை மணிக்குத் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த ஒருவர் தேடியது இலக்கண சுத்தமான பதிலை அல்ல. இவர் பாதியில் கைவிட்டுவிட மாட்டார், என் பிள்ளை அங்கே போனது வீணாகாது என்ற உறுதியைத்தான். கூடுதல் படை தேவைப்பட்டால் அனுப்புவேன் என்று அவர் தொடக்க உரையிலேயே சொன்னார். அந்த உறுதியைப் பெற்றவர்களின் எதிர்வினையும் மக்கள் எதிர்வினைதான். அதைப் பற்றி ஆய்வுரைகள் குறைவாகவே பேசுகின்றன.

வைகறை

நெய்தல், ஏட்டுச்சுவடி இருவருக்கும் நன்றி. உறுதியை எதிர்பார்த்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர், பதிலை எதிர்பார்த்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றனவா? அந்த இரவுக்குப் பின் அவரது ஆதரவு விகிதம் சரிந்ததா? தவறை ஒப்புக்கொண்டால் மக்கள் ஆதரவு குறையும் என்பது உண்மையிலேயே நிரூபிக்கப்பட்ட ஒன்றா என்பதும் எனக்கு ஐயமாக இருக்கிறது.

பதில்: பழைய வாசகர்

உங்கள் கடைசி ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், வைகறை, ஏனென்றால் அதற்குத் தெளிவான எதிர்ச் சான்று உண்டு. 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா ஆதரித்த படையெடுப்பு மூன்றே நாட்களில் முற்றிலும் தோற்றது. ஏப்ரல் 21 அன்று செய்தியாளர்களைச் சந்தித்த ஜான் எஃப். கென்னடி, வெற்றிக்கு நூறு தந்தையர் உண்டு, தோல்வி ஓர் அநாதை என்ற பழமொழியைச் சொல்லி, இந்த அரசின் பொறுப்பாளன் நானே என்று ஏற்றுக்கொண்டார். அடுத்து வந்த காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் அவரது ஆதரவு 83 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு திருத்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அவர் பொறுப்பை ஏற்றாரே தவிர, எந்த முடிவு எப்படித் தவறியது என்று அன்று விவரிக்கவில்லை; மேலும் கேள்விகள் வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார். அமெரிக்கப் படை பெருமளவில் போரிட்டுக்கொண்டிருந்த காலமும் அதுவல்ல. எனவே 2004உடன் அதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் பொறுப்பேற்றால் மக்கள் கைவிட்டுவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு வரலாற்றில் அடிப்படை குறைவு.

இனி 2004க்கு வருவோம். திணறலைக் கண்டு மக்கள் அதிபரை விட்டு விலகினார்கள் என்று எண்ணுபவர்கள் எண்களைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். காலப் நிறுவனத்தின் கணிப்புகளில் ஏப்ரல் மாதம் முழுவதும் அவரது ஆதரவு ஐம்பது விழுக்காட்டைச் சற்றே தாண்டிய நிலையில்தான் இருந்தது; சந்திப்புக்கு முன்பும் பின்பும் பெரிய மாற்றம் இல்லை. அது ஐம்பதுக்குக் கீழே இறங்கியது மே மாதத்தில். இடையில் நடந்தது என்ன என்று நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 28 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி அபு கிரைப் சிறையின் படங்களை வெளியிட்டது. ஈராக்கியக் கைதிகளை அமெரிக்கப் படையினர் கொடுமைப்படுத்தியதைக் காட்டிய அந்தப் படங்கள் மக்களிடம் ஏற்படுத்திய மாற்றத்தை ஒரு மணி நேரக் கேள்வி பதில் ஏற்படுத்தவில்லை. கட்சி வாரியாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் அவரை ஆதரித்தார்கள், ஜனநாயகக் கட்சியினரில் மிகச் சிறுபான்மையினர் மட்டுமே ஆதரித்தார்கள். சந்திப்பைப் பார்க்க அமர்ந்தபோதே பெரும்பாலானோர் தீர்ப்பை எழுதி முடித்திருந்தார்கள். நவம்பரில் ஜான் கெர்ரியை எதிர்த்து அவர் 50.7 விழுக்காடு வாக்குகளோடு வென்றார்.

நல்ல எதிர்வினையும் இதேபோல்தான் நம்மை ஏமாற்றும். 1967 நவம்பர் 17 அன்று இதே கிழக்கறையில் அன்றைய அதிபர் லிண்டன் ஜான்சன் வியட்நாம் போரைப் பற்றிச் செய்தியாளர்களைச் சந்தித்தார். வழக்கமாக மேடைக்குப் பின்னால் விறைப்பாக நின்று பேசும் அவர், அன்று சட்டையில் மாட்டிய சிறிய ஒலிவாங்கியோடு முன்னால் வந்து, கைகளை வீசி, நடந்துகொண்டே பேசினார். உண்மையான ஜான்சனை இன்றுதான் பார்த்தோம் என்று செய்தியாளர்களும் உதவியாளர்களும் பாராட்டினார்கள். போர் முன்னேறுகிறது என்பதே அவரது செய்தி. இரண்டரை மாதங்கள்கூட ஆகவில்லை; 1968 ஜனவரி இறுதியில் வட வியட்நாமும் வியட்காங் போராளிகளும் நடத்திய டெட் தாக்குதல் தொடங்கி, தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் இருந்த அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே போராளிகள் நுழைந்தார்கள். மார்ச் 31 அன்று மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். அவர் நடந்த விதமும் பேசிய விதமும் அந்தச் செய்தியைக் காப்பாற்றவில்லை. புஷ் திணறியதும் அதுபோலவே அவரது போரைத் தோற்கடிக்கவில்லை.

நெய்தல் சொல்லும் உறுதியைப் பற்றி ஒன்று. ஜான்சனும் உறுதியாகத்தான் இருந்தார். உறுதி தேவையா என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எதைப் பற்றி உறுதியாக இருக்கிறார் என்று கேட்கும் உரிமை அந்த வீரரின் தாய்க்கு மற்றவர்களைவிட அதிகமாகவே உண்டு என்பதுதான் என் வாதம்.

பதில்: குறிஞ்சிமலர்

சந்திப்பின் அமைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். முதல் பதினேழு நிமிடங்கள் அளவுக்கு அதிபரின் உரைதான். அதற்குப் பிறகு, யாரை அழைப்பது என்ற பட்டியல் அவர் கையில் இருந்தது. கட்டாயம் அழைக்க வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள், மன்னியுங்கள் என்று நடுவில் அவரே சொன்னார். ஒரு செய்தியாளர் கேட்டதைத் தொடர்ந்து மடக்கிக் கேட்க அரிதாகவே வாய்ப்புக் கிடைத்தது. விசாரணை ஆணையத்தின் முன் தனியாக வராமல் துணை அதிபர் டிக் செனியோடு சேர்ந்து வர ஏன் வலியுறுத்துகிறீர்கள் என்று கேட்டபோது, ஆணையம் கேட்க விரும்பும் கேள்விகளுக்கு இருவரும் பதில் சொல்ல இது நல்ல வாய்ப்பு என்றார். கேள்வி அதுவல்ல, ஏன் சேர்ந்து என்பதுதான் என்று அந்தச் செய்தியாளர் மீண்டும் கேட்டார். அதே பதில் மீண்டும் வந்தது. இந்தப் பகுதியில் அவர் திணறவில்லை, ஆனால் ஒன்றுமே சொல்லவில்லை. பார்த்தவர்களில் பலர் இதைக் கடந்துபோனதற்குக் காரணம், அடுத்த பெயர் உடனே அழைக்கப்பட்டுவிட்டது.

வைகறை, தவறு பற்றிய அதே கேள்வி அவரிடம் மீண்டும் வந்ததையும் பார்த்துவிடுங்கள். 2006 மே 25 அன்று அதே கிழக்கறையில் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரோடு நின்றிருந்தபோது, தன் கடுமையான பேச்சுகள் தவறான செய்தியை அனுப்பிவிட்டதாகவும் அபு கிரைப்தான் ஈராக்கில் தன் நாட்டின் ஈடுபாட்டில் நிகழ்ந்த மிகப் பெரிய தவறு என்றும் அவர் கூறினார். 2009 ஜனவரி 12 அன்று, பதவிக்காலத்தின் கடைசிச் செய்தியாளர் சந்திப்பில், போர் முடியாதபோதே 2003இல் விமானந்தாங்கிக் கப்பலில் ‘பணி நிறைவேறியது’ என்று பதாகை கட்டியதைத் தவறென்றார். கேள்வி முறையற்றதாக இருந்திருந்தால் பின்னாளில் அதற்கு அவரே பதில் சொல்லியிருக்க மாட்டார்.

பதில்: நெய்தல்

குறிஞ்சிமலரின் தகவலுக்கு நன்றி. 2006இன் பதிலை நானும் நேர்மையான பதிலாகவே கருதுகிறேன். பதவியில் இருந்தபடியே, போர் முடியாதபோதே அதைச் சொன்னார் என்பதையும் ஏற்கிறேன். பிராஹிமி பற்றிய பதிலில் மட்டும் ஏட்டுச்சுவடி சற்றுக் கடுமையாக இருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த நாளில் யாருடைய பெயரும் முடிவாகியிருக்கவில்லை. இடைக்காலப் பிரதமராகப் பொறுப்பேற்ற இயாத் அல்லாவியின் பெயர் மே மாத இறுதியில்தான் வெளிவந்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி மழுப்பாமல் இருந்ததை ஏன் குறையாகக் கொள்ள வேண்டும்?

பதில்: ஏட்டுச்சுவடி

அவர் பொய் சொன்னார் என்று நான் எழுதவில்லை, நெய்தல். அந்தப் பதில் உண்மையானது என்பதால்தான் அது என்னை அவ்வளவு உறுத்துகிறது. ஜூன் 30 என்ற நாள் 2003 நவம்பர் 15 உடன்பாட்டிலேயே குறிக்கப்பட்டுவிட்டது. ஐந்து மாதங்கள் கழிந்த பின்னும் நாள் இருந்தது, பெறுபவர் இல்லை. ஒப்படைப்பும் கடைசியில் இரண்டு நாள் முன்னதாக, ஜூன் 28 அன்று, பாக்தாதின் காவல் சூழ்ந்த வளாகத்துக்குள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் முன்னிலையில் நடந்து முடிந்தது. ஈராக்கில் அமெரிக்க நிர்வாகத்தை நடத்திவந்த பால் பிரெமர் அன்றே நாட்டைவிட்டுப் புறப்பட்டார். ஏப்ரல் 13 இரவில் அந்த ஒரு வரிப் பதிலைக் கேட்ட மக்கள், பெறுபவர் இல்லாமல் நாளை மட்டும் ஏன் குறித்தீர்கள் என்று தங்கள் பிரதிநிதிகளிடம் மறுநாள் காலையே கேட்டிருந்தால், பதினொரு வாரங்களும் அந்த விவாதத்துக்குக் கிடைத்திருக்கும். வைகறை, உங்கள் குறிப்பேட்டில் ஓர் இடம் ஒதுக்கி, மறுநாள் வந்த தலையங்கங்களில் எத்தனை அந்த வரியைத் தொட்டன என்று பாருங்கள். கிடைப்பதை இங்கே எழுதுங்கள், தொடர்ந்து பேசுவோம்.